ஃபெர்மாத்தாவில் நின்ற அலை

நெடுந்தாழை மாதா கோயிலின் பாடகர் மாடத்தில் மெற்றில்டா மிராண்டா பிடித்த ஒரு சுரம் பதினோரு நாள் நிற்காமல் ஒலித்தது என்பதையும், அந்தப் பதினோரு நாளும் கரையிலிருந்து அரை மைல் தொலைவில் பனைமர உயரத்துக்கு எழும்பிய ஓர் அலை விழாமல் நின்றது என்பதையும், அந்த அலையின் அடியில் எங்கள் ஊர் வள்ளங்கள் மூன்றும் அவற்றில் பதினைந்து ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் எங்களில் யாரும் மறுப்பதில்லை. அந்தச் சுரத்தின் தலைக்கு மேல் போட்டிருந்த குறிக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் இன்றைக்கும் ஆளுக்கொரு பேச்சு இருக்கிறது.

மெற்றில்டாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஐஸ் பிளாண்ட்டில், பாளத்தை உடைக்கிற யந்திரத்தின் வாயருகே நின்று பெட்டிகளில் ஐஸ் நிரப்புவது அவள் வேலை. அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசியே அவள் தொண்டை திறந்துகொண்டது என்று சொல்வார்கள். பிள்ளையில்லை. புருஷன் சிலுவைதாசன் கடலுக்குப் போகிறவன், அதிகம் பேசமாட்டான், ஆனால் அவள் பாடுகிற பூசைக்கு மட்டும் பிந்தாமல் வந்து கடைசித் தூணருகே நிற்பான். அவனுடைய அக்காள் செபஸ்தியம்மாள், கைம்பெண், அடுத்த வீட்டில் இருந்தாள். அவளுடைய ஒரே மகன் கிளிட்டஸ், இருபத்திரண்டு வயதுக்காரன், மாமனின் வள்ளத்தில்தான் தொழிலுக்குப் போனான்.

டிசம்பர் எட்டாம் தேதி அமலோற்பவ மாதா திருவிழா. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற எட்வின் கர்வாலோ பாடகர் குழுவுக்குப் புதுப்பாட்டு ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தான். எங்கேயோ பிரதியெடுத்து வந்த பழைய ராகம், வார்த்தைகள் அவனே எழுதிய தமிழ். முதல் வரியின் கடைசியில், தோ ரே மீ சுரவரிசையின் மேல் சோவின் தலையில், ஒரு வளைவும் அதற்குள் ஒரு புள்ளியும் இருந்தன. எங்கள் குழுவில் அதைக் கண்ணு என்று சொல்வது வழக்கம். எட்வின், "இதுக்குப் பேரு ஃபெர்மாத்தா. இத்தாலிய வார்த்தை. நான் கையை மூடுற வரைக்கும் யாரும் விடக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினான்.

மற்றவர்கள் காகிதத்தைப் பார்த்துப் பாடினார்கள். மெற்றில்டாவுக்கு அந்தக் கோடும் புள்ளியும் படிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் காதால் வாங்கி மனப்பாடமாக வைத்திருப்பவள் ஆகையால், பாடும்போது அவள் கண் எட்வினின் தலைக்குப் பின்னால் இருந்த சன்னலுக்குப் போய்விடும், சன்னலுக்கு வெளியே கடல் இருக்கும். சுரம் ஏறி மேல் சோவில் நின்றது. எட்வின் மனசுக்குள் நாலு எண்ணி, கையை மூடினான். இருபத்திரண்டு பேர் நிறுத்தினார்கள். மெற்றில்டா நிறுத்தவில்லை.

முதலில் சிரித்தார்கள். பிறகு எட்வின் மறுபடியும் கையை மூடிக் காட்டினான். அவள் வாயை மூடினாள், சுரம் மூடவில்லை. அது அவள் நெஞ்சிலிருந்து, மூடிய உதட்டுக்குப் பின்னாலிருந்து, பெரிதாகவும் இல்லாமல் சிறிதாகவும் இல்லாமல் அதே மேல் சோவாக வந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு வாங்கவும் இல்லை. ஒரு கையை மட்டும் நீட்டிச் சன்னலைக் காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது, திரும்பி வந்துகொண்டிருந்த மூன்று வள்ளங்களுக்குப் பின்னால், கறுத்த மேகத்துக்குக் கீழே, வாயில் நுரையோடு அந்த அலை எழும்பி நின்றது, நின்றபடியே நின்றது.

அன்று சாயங்காலம் ஊர் முழுக்கக் கரைக்கு வந்தது. ரெமிஜியுஸ் மச்சாது தன் பைனாகுலரைக் கொண்டுவந்தார். இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். பைனாகுலர் கைமாறிக் கைமாறிப் போனது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே காட்சியைச் சொன்னார்கள். முன்வள்ளத்தில் சிலுவைதாசன் அணியத்துக்கு, வள்ளத்தின் முன்முனைக்கு, முதுகு காட்டி, சுக்கானைப் பிடித்தபடி பாதி எழுந்த நிலையில் இருக்கிறான், மஞ்சள் பனியன் போட்ட கிளிட்டஸ் குனிந்து தண்ணீர் இறைக்கிற நிலையில் இருக்கிறான், அவன் வாளியிலிருந்து விழுந்த தண்ணீர் கடலைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கிறது. மறுநாள் இரண்டு வள்ளம் தேடிப் போயின. ஓர் எல்லைக்கு மேல் எஞ்சின் ஓடியது, வள்ளம் நகரவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், படத்தில் மேகமும் கடலும் விழுந்து அலை மட்டும் விழாததால், எதை எழுதுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள்.

சுரத்துக்கும் அலைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று முதல் இரண்டு நாள் எங்களுக்குத் தெரியாது. மெற்றில்டாவுக்கு ஏதோ நோய் என்றும், கடலுக்கு ஏதோ நோய் என்றும் தனித்தனியாகவே பயந்தோம். மூன்றாம் நாள் காலையில், கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மெற்றில்டா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். சுரம் ஒரு மயிரிழை கீழே இறங்கியது. அதே நொடியில் கரையில் நின்ற நாற்பது ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அலை ஓர் ஆள் உயரம் இறங்கியது, பின்னால் இருந்த வள்ளத்தின் பின்பாதி நுரைக்குள் போய்விட்டது. கரையிலிருந்து எழுந்த கூச்சலில் அவள் திடுக்கிட்டு விழித்தாள், சுரம் பழைய இடத்துக்கு ஏறியது, அலை அங்கேயே நின்றுகொண்டது.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் அந்தச் சுரத்தைச் சுமக்கிற ஊராக மாறிப்போனது. கோயில் மணி அடிப்பதில்லை, ஐஸ் பிளாண்ட் ஓடுவதில்லை, பஸ் ஊருக்குள் ஆரன் அடிக்கக்கூடாது என்று சொல்லி ஊருக்குப் பிரிகிற விலக்குரோட்டிலேயே ஆட்களை இறக்கிவிட்டார்கள். ஏலக்கூடத்தில் மீனுக்கு விலை கேட்பவர்கள் விரலால் கேட்டார்கள். தும்மல் வந்தால் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாட்டை அந்தச் சோவிலேயே ஒப்பிக்கப் பழகின, பேசும்போதும் பெண்களின் குரல் தானாக அந்த உயரத்துக்குப் போய்விட்டது, அந்த வாரம் பிறந்த குழந்தை ஒன்று அதே சுரத்தில்தான் அழுதது என்று மருத்துவச்சி சொன்னாள். சுரம் காதில் இருக்கும்வரை பயம் கொஞ்சம் அடங்கியிருக்கும். காற்று திசைமாறி ஒரு கணம் அது கேட்காமல் போனால், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவோம்.

மெற்றில்டாவை அவள் வீட்டிலிருந்து எடுத்து, கோயிலுக்குப் பின்னால் பழைய சங்கு குடோனில் வைத்தோம். அங்கே சுவர் கனம், வெளிச்சத்தம் உள்ளே போகாது, சுரம் மட்டும் அந்தச் சுவரையும் தாண்டி வெளியே கேட்டது. தூங்கவிடக்கூடாது என்பதற்காக ஆறு பெண்கள் முறைவைத்து உட்கார்ந்தார்கள். முதலில் ஈரத்துணியால் முகம் துடைத்தார்கள். பிறகு கண்ணோரத்தில் தைலம் தடவினார்கள். பிறகு கிள்ளினார்கள். வெளியே நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, அவளை நோக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனோம், பூமாலைகூடப் போட்டோம். கும்பிட்ட பெண்ணைக் கிள்ளுகிறோம் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை, அல்லது உறைத்தும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் செபஸ்தியம்மாளின் முறை. மெற்றில்டா ஒரு நோட்டை வாங்கி, நடுங்கும் எழுத்தில் எழுதிக் காட்டினாள்.

*மைனி, இது தானா வரல. நான்தான் பிடிச்சிருக்கேன். நினைச்சா விட்டுருவேன். விட்டா என்ன ஆகும்னு பயமா இருக்கு.*

செபஸ்தியம்மாள் அதை இரண்டு தடவை படித்தாள். சன்னல் வழியே அலை எழும்பியதைப் பார்த்த நிமிஷத்தில் மெற்றில்டா என்ன செய்தாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் அந்தத் தாளைக் கிழித்து, மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"இத வேற யாருக்கும் எழுதிக் காட்டிராத" என்றாள். "நீயா பிடிச்சிருக்கன்னு தெரிஞ்சா ஆளுக்கொண்ணு சொல்லுவாவ. உனக்கு வேண்டியவங்களும் உன்ன விடச் சொல்லுவாவ. கேக்காத, என்ன. உன் புருஷனும் என் பிள்ளையும் அங்கன இருக்காவ."

அன்றிலிருந்து மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளே இரவும் பகலும் காவல் இருந்தாள். மெற்றில்டாவின் இடக்கை முழுக்க நீலமாகக் கன்றிப்போனது. அதில் பாதி செபஸ்தியம்மாளின் விரல்.

ஆறாம் நாள் ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. இந்த நிற்றல் எதில் போய் முடியும் என்று யாராவது சொன்னால் போதும் என்ற நிலையில் இருந்தோம். எட்வின் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குறியின் பேர் ஃபெர்மாத்தா என்று மறுபடியும் சொன்னான். உடனே ரெமிஜியுஸ் மச்சாது எழுந்தார்.

"தம்பி, இந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஜெனோவாவுல தெருவுக்குத் தெரு போர்டு போட்டு எழுதிருக்கும். ஃபெர்மாத்தான்னா பஸ் ஸ்டாப்பு."

சில பேருக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. ஒரு பெண் மட்டும், "அப்போ பஸ் கிளம்புமா அண்ணே?" என்று கேட்டாள். ரெமிஜியுஸ் அலைப் பக்கம் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பங்குச்சாமி பிரகாசியார் ரோமாபுரியில் படித்தவர். அவர் இன்னும் ஆழமாகப் போனார். இலத்தீனில் ஃபிர்மாரே என்றால் உறுதியாக்குவது, அசையாமல் ஊன்றுவது, அதிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல், ஆனால் இத்தாலியில் பாட்டுக்காரர்கள் பேச்சில் இந்தக் குறியைப் பெரும்பாலும் ஃபெர்மாத்தா என்று சொல்வதில்லை, கொரோனா என்றுதான் சொல்வார்கள் என்றார்.

அந்த வார்த்தை கேட்டதும் கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. முன்வரிசையில் இருந்த இரண்டு மூன்று பேர் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார்கள். அந்த நோயில் செத்த பத்தொன்பது பேரை நாங்கள் முகம் பார்க்காமல் புதைத்த ஊர் இது.

"கிரீடம்னு அர்த்தம்" என்று சாமியார் அவசரமாகச் சொன்னார். "சுரத்துக்குத் தலையில் கிரீடம் வெச்ச மாதிரி இருக்கறதால அப்படிச் சொல்றாங்க. நோய் இல்ல. ஸ்பானியர்கள் இதையே கால்தெரோன்னு சொல்றாங்க. அண்டான்னு அர்த்தம்."

"என்ன அண்டா சாமி?" என்று கேட்டாள் செபஸ்தியம்மாள். கூட்டத்துக்காக அரைமணி நேரம் மட்டும் வேறொருத்தியைக் காவல் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"சமைக்கிற அண்டா. பெரிசு. கவுத்து வெச்ச மாதிரி இருக்கு பாருங்க."

அண்டா என்ற வார்த்தை கொரோனாவைவிட மோசமாகப் போய் இறங்கியது. அண்டாவில் கிடப்பது நிற்பதில்லை, உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருக்கும், மூடி வைத்தால் இன்னும் கொதிக்கும். ஆறு நாளாக அந்த அலை நிற்கவில்லை, உள்ளே பொங்கிக்கொண்டிருக்கிறது, விழும்போது ஆறு நாள் அலையாகச் சேர்ந்து விழும், வள்ளங்களோடு நிற்காமல் ஊரையும் கொண்டுபோகும் என்று யாரோ ஒருவர் சொல்ல, அது வாய்வாய் மாறி, பொழுது சாய்வதற்குள் முப்பது குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு விலக்குரோட்டுக்குப் போய்விட்டன. போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். சுரம் கலைந்துவிடக்கூடாதே.

எட்டாம் நாள் மெற்றில்டாவின் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. முன்நெற்றி முடி வெளுத்திருந்தது. கஞ்சி உள்ளே தங்கவில்லை. நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, இன்னும் மூன்று நாள், அதற்கு மேல் இந்த உடம்பு தாங்காது என்றாள். பிடித்துக்கொண்டே செத்தாலும் அலை விழும், விட்டாலும் விழும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஒன்றாகப் புரிந்தது.

எட்வின் மட்டும் காகிதத்தை விடவில்லை. அந்த ராகம் ஜெர்மானியர்களுடையது என்று மேலே பொடியாக எழுதியிருந்ததை வைத்து விசாரித்து, தரங்கம்பாடியில் லுத்தரன் சபையின் பாடகர் குழுவை நடத்துகிற ஜெபசீலி என்ற பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒன்பதாம் நாள் பஸ் ஏறினான். பத்தாம் நாள் காலையில் தரங்கம்பாடியில் அவள் தன் சபைக் கோயில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்தாள். அவனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள்.

"இதை எதுக்கு நீங்க இழுத்துப் பாடுனீங்க?" என்று கேட்டாள்.

"ஃபெர்மாத்தா போட்ருக்கே."

"ஜெர்மன்லயும் அதே சொல்லுதான், ஃபெர்மாட்டேன்னு சொல்லுவாங்க. ஆனா இந்த மாதிரிப் பழைய சபைப் பாட்டுல இது வர்ற இடத்தைப் பாருங்க. ஒவ்வொரு வரி முடிவிலயும் இருக்கு. நிறுத்தணும்னு அர்த்தமில்ல, நீட்டணும்னும் அர்த்தமில்ல. வரி முடிஞ்சுது, சபையில எல்லாரும் சேர்ந்து மூச்சு வாங்கிக்கிட்டு அடுத்த வரிக்குப் போகணும். அவ்வளவுதான்."

எட்வின் குனிந்து முதல் வரியின் கடைசியைப் பார்த்தான். பிறகு, "நாங்க அடுத்த வரிக்குப் போகவே இல்ல" என்றான்.

அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த வரி இறங்குது. மேல் சோவுலேர்ந்து கீழ் சோ வரைக்கும், ஒவ்வொரு படியா. எங்கயும் தாவல. மெதுவாப் பாடுனா அழகா இருக்கும்."

பதினோராம் நாள் காலை எட்வின் இதை ஏலக்கூடத்தில் சொன்னபோது மிச்சமிருந்த ஊர் எதிர்த்தது. மூன்றாம் நாள் சுரம் ஒரு மயிரிழை இறங்கியதற்கே அலை ஓர் ஆள் உயரம் விழுந்தது, ஏழு படி இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். அவன், அன்றைக்கு அவள் தனியாக இறங்கினாள், தூக்கத்தில் இறங்கினாள், நாம் எல்லோரும் சேர்ந்து பிடித்து, ஒருவர் மூச்சு தீரும்போது அடுத்தவர் எடுத்துக்கொண்டு, விரற்கடை விரற்கடையாக இறக்கினால் அலையும் அப்படியே இறங்கும் என்றான். உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றான்.

செபஸ்தியம்மாள் குடோன் கதவின் முன்னால் நின்றுகொண்டாள். "என்னத் தாண்டிதான் அவள வெளிய கொண்டுபோவணும்" என்றாள். "இன்னிக்கு ஒரு நாளாவது என் பிள்ள உசிரோட இருக்கான். பைனாகுலர்ல பாக்கேன். அது போதும் எனக்கு."

"நாளைக்கு, சின்னம்மா?" என்றான் எட்வின்.

அவள் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து மெற்றில்டா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள், அந்தச் சுரமும் அவளோடு நடந்து வந்தது. நோட்டில் ஒரே வரி எழுதியிருந்தாள். *மைனி, என் கை நழுவுது. நழுவி விழுறதுக்குள்ள இறக்கி வெச்சிருவோம்.* செபஸ்தியம்மாள் அவள் இடக்கையைப் பார்த்தாள், அதிலிருந்த நீலத்தைப் பார்த்தாள், பிறகு கதவைவிட்டு விலகி, அந்தக் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தாள்.

விலக்குரோட்டுக்குப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். பகல் இரண்டு மணி இருக்கும். முந்நூறு பேர் ஈரமணலில் நின்றோம், பாடத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும். எட்வின் கடலுக்கு முதுகு காட்டி எங்களைப் பார்த்து நின்று கையைத் தூக்கினான். முதலில் எல்லோரும் சேர்ந்து மூச்சு வாங்கினோம். பதினோரு நாளில் மெற்றில்டாவும் முதல் தடவையாக மூச்சு வாங்கினாள். அந்த ஒரு நொடி சுரமே இல்லை, கரை முழுக்க ஒரு சத்தமும் இல்லை, அலையின் உச்சியில் நுரை நெளிந்தது, எங்களுக்கு உயிர் போய் வந்தது. அடுத்த நொடி முந்நூறு தொண்டையில் மேல் சோ எழுந்து அதைத் தாங்கியது.

பிறகு இறக்கினோம். ஃபாவுக்கு வரும்போது அலை வள்ளக்காரன் ஒருவன் உயரம் இறங்கியது, இறங்கி நின்றது. மீயில் இன்னும் கொஞ்சம். மூச்சு தீர்ந்தவர்கள் பக்கத்திலிருப்பவர் தோளைத் தொட்டார்கள், தொடப்பட்டவர் எடுத்துக்கொண்டார். ரேயில் கிளிட்டஸின் வாளிக்குக் கீழே அந்தரத்தில் நின்ற தண்ணீர் கடலில் விழுந்தது. தோவில் பின்னால் இருந்த இரண்டு வள்ளங்களும் அசைந்து, நுரைக்குள்ளிருந்து அலையின் முதுகுப் பக்கம் வெளியே வந்தன. எவ்வளவு நேரம் பாடினோம் என்று தெரியவில்லை, எங்கள் நிழல் கிழக்கே நீண்டு கடலைத் தொட்டிருந்தது. அடுத்த படியான டீயில் மெற்றில்டாவால் நிற்க முடியவில்லை. அவள் மணலில் சாய்ந்து, சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். நாங்கள் விடவில்லை, பிடித்திருந்தோம், அலை இரண்டு ஆள் உயரத்துக்கு வந்திருந்தது, இன்னும் இரண்டே படி.

லாவில், மஞ்சள் பனியன் நிமிர்ந்தது. கிளிட்டஸ் கரையைப் பார்த்து, இத்தனை பேர் ஏன் நிற்கிறார்கள் என்று புரியாமல், கையை உயர்த்தினான்.

"எய்யா, கிளிட்டஸு!" என்று ஒரு குரல் கத்தியது.

சுரம் உடைந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தடுமாறினார்கள், அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் தடுமாறினார்கள், மிச்சமிருந்த இரண்டு ஆள் உயர அலை ஒரே அடியாக முன்வள்ளத்தின் மேல் விழுந்தது.

இரண்டு வள்ளங்கள் முழுசாகக் கரைக்கு வந்தன. அவர்களுக்கு எல்லாம் ஒரு நொடிதான். பெட்டியில் ஐஸ்கூட உருகவில்லை. ஏன் அழுகிறீர்கள், ஏன் கட்டிப்பிடிக்கிறீர்கள் என்று எரிச்சல்பட்டார்கள். கவிழ்ந்த வள்ளத்தின் ஐந்து பேரில் நாலு பேரை அவர்களே தூக்கிவந்திருந்தார்கள். கிளிட்டஸ் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டிருந்தான். சுக்கானைப் பிடித்து நின்ற சிலுவைதாசன் அலை விழுந்த பக்கம் இருந்தான். வெளிச்சம் இருக்கும்வரை தேடினார்கள். இரண்டாம் நாள் காலையில் தெற்கே, சிலுவை நாட்டிய குருசடிக்குப் பக்கத்தில், கரை ஒதுங்கிக் கிடந்தான்.

கத்தியது யார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஆளுக்காள் நான்தான், எனக்குத் தொண்டை வழுக்கிவிட்டது என்று சொன்னார்கள். அத்தனை பேரும் கேட்ட குரல் அது, அத்தனை பேருக்கும் தெரியும்.

மெற்றில்டா மூன்று இரவும் இரண்டு பகலும் தூங்கினாள். செபஸ்தியம்மாள் பாய்க்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பதினோரு நாள் இவள் தூங்கிவிடக்கூடாதே என்று பயந்தவள், இப்போது இவள் விழித்துவிடக்கூடாதே என்று பயந்தாள். அடக்கத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தவர்கள் உள்ளே வராமல் திரும்பிப் போனார்கள். கிளிட்டஸ் கிணற்றடியில், மாமனின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் இருந்தான்.

மூன்றாம் நாள் காலையில் மெற்றில்டா கண் திறந்தாள். முதலில் கூரையைப் பார்த்தாள், பிறகு செபஸ்தியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

"எல்லாரும் வந்துட்டாவ" என்றாள் செபஸ்தியம்மாள். "தம்பி வரல. மாதா கோயில்ல கிடத்திருக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. "நான்தான் கத்துனேன், மெற்றில்டா. பிள்ள கையத் தூக்குனான். கத்திட்டேன்."

வெளியே கிணற்றடியில் வாளி சிமெண்டில் உரசியது. மெற்றில்டா தலையை அந்தப் பக்கம் திருப்பி, சன்னல் வழியாக, குனிந்து உட்கார்ந்திருந்த கிளிட்டஸைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தபோது குரல் கரகரவென்று, வேறு யாருடையதோ போல வந்தது.

"பிள்ள சாப்பிட்டானா, மைனி?"

"இல்ல."

"உலை வையிங்க."

செபஸ்தியம்மாள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசியைக் களைந்தாள், உலையில் போட்டாள், மெற்றில்டாவுக்கு முதுகைக் காட்டியபடி அடுப்பின் முன்னாலேயே நின்று, அடுத்த வார்த்தை எப்போது வரும் என்று காத்திருந்தாள். அது நடந்து நாலு வருஷமாகிறது. இரண்டு பெண்களும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒரே உலையில் சோறு வைக்கிறார்கள், விலைவாசி பேசுகிறார்கள், கிளிட்டஸின் கல்யாணத்தைப் பேசுகிறார்கள். அந்த வார்த்தை இன்னும் வரவில்லை.